பால்மா டின் சொன்ன பொய்: பைலுக்குள் கொங்கிரீட் மட்டம் அளந்த அனுபவம்

முதல் பைலின், அதாவது நிலத்தைத் துளைத்து ஊற்றின கொங்கிரீட் தூணின், தலையைக் கொத்தத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பிரேக்கர் பிடித்திருந்த பையன் அதை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, "சேர், இதுக்கு மிஷின் தேவையில்ல, மம்பட்டியே போதும்" என்றான். இறங்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், காய்ந்த களி மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. ஒரு சல்லிக்கல்கூடக் கையில் சிக்கவில்லை. அந்த இடத்தில் நல்ல கொங்கிரீட் நிற்கிறது என்று என் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே எழுதி, நேரமும் போட்டு வைத்திருந்தேன்.

அது எப்படி நடந்தது, அதற்குப் பிறகு கயிற்றில் கட்டி இறக்கும் அளவுக் குண்டை எப்படி மாற்றினோம், கணக்கை எப்படிப் பிடித்தோம் என்பதை மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். மலைப்பக்கத்தில் பைல் வேலை பார்க்கிற டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) தம்பிகள் யாருக்காவது உதவும்.

சைட் இருந்தது ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதியில், கொட்டகலைக்கு அண்மையில். முன்பு தேயிலை நின்ற சரிவு. மேலே நாலைந்து மீற்றருக்கு, மேட்டிலிருந்து காலங்காலமாக வழுகி வந்து படிந்த மண். அதற்குள் அடுப்புக்கல்லிலிருந்து ஆட்டோ அளவு வரைக்கும் உருண்டைக் கற்கள். அதற்குக் கீழே உக்கின பாறை, அதற்கும் கீழே நைஸ் (gneiss) என்கிற கடும்பாறை. இந்தப் பக்கத்தில் கட்டடம் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அனுமதி வாங்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாலு மாடியின் பாரத்தையும் இந்த வழுகல் மண்ணில் வைக்க முடியாது என்பதால், பாறை வரைக்கும் துளைத்து இறக்கும் 800 மில்லிமீற்றர் விட்டமுள்ள பைல்கள். ஆழம் 15 முதல் 18 மீற்றர்.

சிக்கல் ஆழத்தில் இல்லை, தலையில். சரிவை வெட்டி இறக்குவதற்கு முன்பே, மேலே நின்ற தரையிலிருந்தே பைல் போட்டோம். கட்டடத்தின் கீழ்த்தளம் வரப்போவது அந்தத் தரையிலிருந்து 3.5 மீற்றர் கீழே. ஆக பைலை வெட்டி நிறுத்த வேண்டிய கட்-ஓஃப் மட்டம் மூன்றரை மீற்றர் சேற்றுத் தண்ணீருக்கு அடியில். தரை மட்டம் வரைக்கும் ஊற்றும் பைல் என்றால் கொங்கிரீட் மேலே வந்து வழிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நல்ல கல் வரும்வரை வழியவிடலாம். இங்கே அது இல்லை.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துளை இடிந்து விழாமல் இருக்க அது நிறையப் பென்டோனைட் என்கிற களிமண் கரைசல் நிற்கும். கம்பிக்கூட்டை இறக்கி, நடுவில் துண்டு துண்டாக இணைத்த ட்ரெமி பைப்பை அடிவரை விட்டு, அதன் வழியாகக் கொங்கிரீட்டை ஊற்றுவோம். கொங்கிரீட் அடியிலிருந்து எழும்ப எழும்ப, கரைசல் மேலே வழிந்து தொட்டிக்குப் போகும். மேலே நிற்கிறவனுக்குத் தெரிவதெல்லாம் பழுப்பு நிறக் குட்டை ஒன்றுதான். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி விட்டுத் தேடுகிற மாதிரி, கயிறு விட்டுத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் எப்போது நிறுத்துவது என்பது மட்டுமில்லை, ட்ரெமியில் எத்தனை துண்டைக் கழற்றலாம் என்பதும் முடிவாகும். ட்ரெமியின் வாய் எப்போதும் குறைந்தது இரண்டு மீற்றராவது கொங்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் அடுத்து ஊற்றுவது சேற்றோடு கலந்து, பைலுக்கு நடுவில் ஒரு மண் தட்டு உட்கார்ந்துவிடும். அதை யாராலும் திருத்த முடியாது.

சரி, முதல் பைலுக்கு வருவோம். அளக்க என்ன வைத்திருந்தோம் என்றால், ஒரு பால்மா டின். உள்ளே கொங்கிரீட் நிரப்பி, நடுவில் ஒரு கொக்கி குத்தி, நைலோன் கயிற்றில் கட்டி, மீற்றருக்கு ஒரு முடிச்சு. முன்பு வேலை செய்த சைட்டில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அதனால் யோசிக்கவே இல்லை.

துளை 16.2 மீற்றர். கலவை லொறி கினிகத்தேனைப் பக்கமிருந்து வட்டவளை ஏற்றம் ஏறி வர வேண்டும். ஆறு கியூபிக் மீற்றர் கொள்ளும் லொறிதான், ஆனால் அவ்வளவு நிறைத்தால் ஏற்றத்தில் பின்பக்கம் வழிந்து வீதியெல்லாம் கொங்கிரீட் ஆகிவிடும். நாலுதான் ஏற்றி அனுப்புவார்கள். முதல் லொறி 4 கியூபிக் மீற்றரும் இறங்கியது. டின்னை விட்டேன், 9.1 மீற்றரில் நின்றது. இரண்டாவது லொறியில் பாதிக்கு மேல் இறங்கியதும் அடிக்கடி அளந்தேன். 2.6 மீற்றர் என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினேன். கட்-ஓஃபுக்கு மேலே 90 சென்ரிமீற்றர் அதிகம், போதும். லொறியில் ஒரு கியூபிக் மீற்றர்தான் மீதி என்று டிரைவர் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்த வரிசைக்குப் போவதற்கு முன் ஒரு பைலையாவது தோண்டிப் பார்க்க வேண்டும் என்று இஞ்சினியர் பிடிவாதமாக நின்றதால்தான் அதற்குள் தெரியவந்தது. நல்ல கல்லும் சிமெந்தும் சேர்ந்த கொங்கிரீட் கிடைத்தது 3.9 மீற்றரில், அதாவது கட்-ஓஃபுக்கு 40 சென்ரிமீற்றர் கீழே. அதற்கு மேலே 1.3 மீற்றருக்குச் சேறும் மணலும் சிமெந்துப் பாலும் கலந்து இறுகின களி. சுற்றிலும் தோண்டி, கெட்டியான கல் வரும்வரை கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, தகடு வளைத்துப் பெட்டி அடித்து, ஆலோசகரின் ஒப்புதலோடு தலையை மறுபடி ஊற்றினோம். இடையில் மழை வந்து குழி நிறைந்து, பம்ப் வைத்து இறைத்து, நாலு நாள் போயிற்று. பிறகு சுத்தியலால் தட்டி அலையைப் பார்க்கும் ஒருமைப்பாட்டுச் சோதனையில் பைல் தப்பியது.

அன்று இரவு புத்தகத்தை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கமாகப் போனது. 800 மில்லிமீற்றர் துளையில் ஒரு மீற்றர் உயரத்துக்கு 0.503 கியூபிக் மீற்றர் வேண்டும். முதல் லொறி: மட்டம் 16.2-இலிருந்து 9.1-க்கு ஏறியது, 7.1 மீற்றர். துளை சுத்தமான உருளையாக இருந்திருந்தால் 3.57 போதும், போனது 4. நூற்றுக்குப் பன்னிரண்டு அதிகம். துளையின் சுவர் ஒருபோதும் நேராக இராது, கல் பெயர்ந்த இடமெல்லாம் பள்ளம் இருக்கும், ஆகவே இது நியாயம். இரண்டாவது லொறி: 9.1-இலிருந்து 2.6-க்கு, 6.5 மீற்றர். அதற்கு 3.27 வேண்டும். நாங்கள் ஊற்றியதோ வெறும் 3.

ஊற்றினதைவிட அதிகமாகக் கொங்கிரீட் எழும்பியிருக்கிறது! சுவர் இடிந்து உள்ளே விழுந்து துளை ஒடுங்கினால்தான் அப்படி நடக்கும். இல்லையென்றால் கயிறு பொய் சொல்கிறது. இரண்டில் எதுவானாலும் அந்த நிமிடமே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். நான் எழுதிய எண்களே என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கின்றன, நான் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. உண்மையான 3.9 மீற்றரைப் போட்டுப் பார்த்தால் 5.2 மீற்றர் ஏற்றம், 2.61, நூற்றுக்குப் பதினைந்து அதிகம். முதல் லொறியோடு அழகாக ஒத்துப்போகிறது. இன்னொன்றும் உறைத்தது. ட்ரெமியின் வாய் மூன்று மீற்றர் உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இருந்தது 1.7. ஒரு துண்டு அவசரப்பட்டுக் கழற்றியிருந்தால் பைலே போயிருக்கும்.

டின் ஏன் ஏமாற்றியது என்பதற்கு விடை கம்பி கட்டுகிற பாஸிடமிருந்து வந்தது. பொகவந்தலாவைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். டின்னைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணிய அளக்க யாராவது தண்ணியில செஞ்ச குண்டு போடுவாங்களா?" என்றார். அவ்வளவுதான் விஷயம். டின்னுக்குள் இருந்ததும் கொங்கிரீட். காற்றில் இரண்டு கிலோவுக்கு மேல் நிறுக்கும், ஆனால் மணல் கலந்த தடித்த சேற்றுக்குள் போனால் பாதிக்கு மேல் பாரத்தை மிதப்பே தாங்கிவிடும். அடிப்பக்கமோ உள்ளங்கை அகலம். சேற்றின் மேலேயே தட்டுப் போல் உட்கார்ந்துகொண்டு "தரை வந்துவிட்டது" என்று கயிற்றைத் தளர்த்திவிட்டது.

அப்புறம் ஒரு 200 லீற்றர் பீப்பாயை வெட்டி எடுத்து, அடியில் 40 சென்ரிமீற்றருக்குப் புதுக் கொங்கிரீட், அதன் மேல் தொட்டி அடியிலிருந்து வாரின மணல் சேறு ஒரு முழ உயரத்துக்கும் குறைவாக, அதற்கும் மேலே பென்டோனைட் என்று அடுக்கினோம். டின்னை விட்டால் சேற்றில் நாலு விரல் அமிழ்ந்து நின்றது. பழி தீர்க்கிற வேகத்தில் ஒரு 25 மில்லிமீற்றர் கம்பியை ஒரு மீற்றர் வெட்டி விட்டுப் பார்த்தோம். அது சேறு, கொங்கிரீட் எல்லாவற்றையும் குத்திக்கொண்டு போய்ப் பீப்பாயின் அடியில் 'டங்' என்றது. மேசன் தூக்குக்குண்டும் ஏறத்தாழ அப்படியே, நுனி கூர் என்பதால். ஆக அகலமும் இலேசும் சேர்ந்தால் சேற்றில் நிற்கும், கூரும் பாரமும் சேர்ந்தால் கொங்கிரீட்டில் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்.

நாலாவது முயற்சியில் கிடைத்ததைத்தான் இப்போதும் பாவிக்கிறோம். 40 மில்லிமீற்றர் தடிப்பான இரும்புத் தண்டு 18 சென்ரிமீற்றர் நீளத்துக்கு. அடியில் 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள 6 மில்லிமீற்றர் தகடு வட்டமாக வெட்டி ஒட்டியது. மேலே ஒரு வளையம். மொத்தம் இரண்டு கிலோ வரும். பீப்பாயில் சேற்றைத் தாண்டிப் போய், கொங்கிரீட்டில் மூன்று நாலு சென்ரிமீற்றர் மட்டும் அமிழ்ந்து நின்றது. தகட்டின் விளிம்பை அரத்தால் உருட்டி விட வேண்டும். இல்லையென்றால் தூக்கும்போது கம்பிக்கூட்டின் வளையத்தில் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். ஒரு தடவை மாட்டி, ஒரு குண்டு அப்படியே பைலுக்குள் சமாதியானது.

கையில் தெரியும் உணர்வைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். சேற்றில் இறங்கும்போது கயிறு மெல்ல மெல்ல இலேசாகும், எங்கே நின்றது என்று சொல்ல முடியாது. ஒரு சாண் தூக்கிவிட்டால் பசை மாதிரி இழுத்துக்கொண்டு வரும். கொங்கிரீட்டில் நின்றால் சட்டென்று நிற்கும். ஒரு சாண் தூக்கி விட்டால் 'தொப்' என்று அதே இடத்தில் நிற்கும், தகட்டின் கீழே கல் நறநறப்பது விரலுக்குத் தெரியும். மூன்று தடவை தூக்கி விட்டு மூன்றும் ஒரே எண்ணாக வந்தால்தான் எழுதுவேன். குளிரில் கை மரத்துப் போயிருந்தால் இது ஒன்றும் தெரியாது. மார்கழி மாதம் காலையில் ஊற்றின பைல்களுக்கு ஒரு கேத்தல் சுடுதண்ணீர் பக்கத்தில் வைத்திருந்தோம், தேத்தண்ணிக்கும் கைக்கும்.

கயிற்றையும் மாற்றினோம். நைலோன் ஈரத்திலும் பாரத்திலும் நீளும், முடிச்சு இறுகும். இப்போது 30 மீற்றர் நார்ப் பட்டை அளவுநாடா. அதிலும் ஒரு பொறி உண்டு. நாடாவின் பூச்சியம் வளையத்தில் இருக்கிறது, குண்டின் அடித்தகடு அதற்குக் கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் கீழே. இதைக் கூட்ட மறந்தால் கொங்கிரீட் உண்மையைவிட உயரத்தில் இருப்பதாகக் காட்டும், அதாவது ஆபத்தான பக்கத்துக்கே பிழைக்கும். ஒவ்வொரு தடவையும் கூட்டச் சொன்னால் ஒரு நாள் யாராவது மறப்பார்கள். நாடாவை வெட்டி, குண்டின் அடியிலிருந்து எண்ணும்படி மறுபடி பொருத்திவிட்டோம்.

எங்கே அளப்பது என்பதும் முக்கியம். ட்ரெமிக்குப் பக்கத்தில் கொங்கிரீட் மேடாக இருக்கும், கூட்டின் ஓரத்தில் தாழ்ந்திருக்கும். எங்கள் பைல்களில் வித்தியாசம் 10 முதல் 20 சென்ரிமீற்றர். கூட்டின் உட்பக்க ஓரமாக மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே தாழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். கூட்டுக்கு வெளியே, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். அங்கே நம் குண்டு போகாது.

நடுவில் நான் கொஞ்சம் புத்திசாலியாகப் பார்த்தேன். இரண்டு போல்ட்டை ஒரு பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, வயர் இழுத்து, மல்டிமீற்றரில் மின்தடையைப் பார்த்தால் கொங்கிரீட்டுக்கும் சேற்றுக்கும் வித்தியாசம் தெரியும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தேன். சுத்தமான பென்டோனைட்டுக்கும் கொங்கிரீட்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது. எங்களுக்கு வேண்டியதோ சிமெந்துப் பால் கலந்த சேற்றுக்கும் கொங்கிரீட்டுக்கும் உள்ள வித்தியாசம். அங்கே முள் குழம்பிவிட்டது. வெளிநாடுகளில் கம்பிக்கூட்டோடு ஒளியிழைக் கேபிளைக் கட்டி இறக்கி, வெப்பநிலை மாறும் இடத்தை வைத்து மட்டத்தைச் சொல்கிறார்கள். எங்கள் சைட்டுக்கு அது எட்டாக்கனி.

அதற்குப் பதிலாகச் செய்தது ஒரு சுண்டு. அரிசி அளக்கிற சுண்டைவிடக் கொஞ்சம் நீளமாக, இரண்டரை இஞ்சிக் குழாயில் ஒரு சாண் துண்டு, அடி மூடியது, மேலே கீல் வைத்த மூடி. முக்கால் இஞ்சி ஜி.ஐ. குழாய்களை மரையால் இணைத்து அதன் பிடி. மூடியோடு இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் சிறு கயிற்றை இழுத்தால் மூடி திறக்கும். உள்ளே நிறைந்ததும் கயிற்றை விட்டால் மூடிக்கொள்ளும். மேலே எடுத்து ஒரு தாச்சியில் கொட்டித் தண்ணீர் விட்டு அலசினால் கதை முடிந்தது: சல்லிக்கல் இருக்கிறதா, இல்லையா. கல் வந்தால் கொங்கிரீட். குண்டைப் பற்றிச் சண்டை வந்தால் சுண்டுதான் நீதவான். நாலு மீற்றருக்குள் மட்டும்தான் இது வசதி. எங்களுக்கு வேண்டியதும் அந்த ஆழம்தான்.

கணக்குப் பக்கத்தையும் எளிதாக்கினோம். லொறியில் மீதி எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை நிறுத்தினோம். பாதிப் பைல்களுக்கு லொறி கிட்டப் போகவும் வழியில்லை என்பதால், அரைக் கியூபிக் மீற்றர் பக்கெட் ஒன்றில் வாங்கி, எஸ்கவேட்டரால் தூக்கி, ட்ரெமியின் தலையில் இருக்கும் புனல் மாதிரியான ஹொப்பரில் கொட்டினோம். இதில் ஓர் அதிர்ஷ்டம் பாருங்கள். 800 மில்லிமீற்றர் துளையில் அரைக் கியூபிக் மீற்றர் என்பது கிட்டத்தட்ட சரியாக ஒரு மீற்றர். ஆக, பக்கெட்டுக்கு ஒரு மீற்றருக்கு மேல் ஏறவே முடியாது. எங்கள் மண்ணில் சராசரி 88 சென்ரிமீற்றர். 70-க்குக் கீழே போனால் பக்கத்தில் எங்கோ பொந்து. ஒரு மீற்றரைத் தாண்டினால் கொட்டுவதை நிறுத்து, சுண்டை எடு. பையன்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

ஆறாவது பைலில் இன்னொரு பாடம் கிடைத்தது. அங்கே உருண்டைக் கற்கள் அதிகம் என்பதால் துளையின் சுவரைத் தாங்க ஏழு மீற்றர் கேசிங் இரும்புக் குழாய் இறக்கியிருந்தோம். கொங்கிரீட் 2.1 மீற்றருக்கு வந்துவிட்டது, குண்டும் கணக்கும் ஒத்துப்போயின, எல்லாருக்கும் சந்தோஷம். கேசிங்கைத் தூக்கிய பிறகு அளந்தால் 2.9. இரும்புக் குழாயின் தடிப்பு இருந்த இடத்தை நிரப்ப மட்டும் ஒரு சாண் இறங்கும். மீதி அரை மீற்றர் கற்களுக்கு நடுவில் இருந்த பொந்துகளுக்குப் போயிருக்கிறது. நல்ல வேளையாக ட்ரெமியைக் கழற்றாமல் வைத்திருந்தோம். இன்னொரு பக்கெட் போட்டு மட்டத்தை மீட்டோம். கேசிங் வெளியே வந்த பிறகு அளக்காத அளவு அளவே இல்லை என்று அன்றைக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

இதெல்லாம் இருந்தும் பதினோராவது பைல் ஒரு காட்டுக் காட்டியது. 17 மீற்றர் துளை. பாதியில் வீதியில் மரம் விழுந்து அடுத்த லொறி ஒன்றரை மணித்தியாலம் தாமதம். அந்த நேரமெல்லாம் கரைசலில் இருந்த மணல் மெல்ல மெல்லக் கொங்கிரீட்டின் மேல் படிந்திருக்க வேண்டும். பதினைந்தாவது பக்கெட் கொட்டியதும் குண்டு 2.7 என்றது. அதற்கு முந்தின அளவு 4.0. ஒரு பக்கெட்டுக்கு 1.3 மீற்றரா? பதினைந்து பக்கெட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 3.8-இல்தான் நிற்க வேண்டும். மணல் அவ்வளவு தடித்து இறுகியிருந்ததால் புதுக் குண்டையும் தாங்கிவிட்டது. லொறிக்காரர் டிரம்மைக் கழுவத் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்துவிட்டார். "அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று கத்திவிட்டுச் சுண்டை இறக்கினோம். 2.8-இல் சேறு. 3.2-இல் சேறு. 3.6-இல் மணல். 3.8-இல் அலசினபோது தாச்சியில் கல் கலகலத்தது.

இன்னும் இரண்டு பக்கெட் கொட்டினோம். ஒன்று போதாது, இரண்டு கொஞ்சம் அதிகம், நடுவில் ஒன்று இல்லை. மேலே தள்ளி வந்த மணல் சேற்றைப் பம்ப் வைத்து வெளியே எடுத்தோம்.

சரிவை வெட்டி இறக்கியபோது அந்தப் பைலின் நல்ல கொங்கிரீட் 2.15-இல் தொடங்கியது. கட்-ஓஃபுக்கு மேலே 1.35 மீற்றர் கொத்த வேண்டியிருந்தது, பிரேக்கர் ஒரு நாள் முழுக்கக் கத்தியது. பிடித்திருந்தவன் அதே பையன்தான், இந்தத் தடவை மம்பட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மாதக் கடைசியில் கொங்கிரீட் கணக்குப் பார்க்கிறவர் வந்து, இந்த ஒரு பைலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வீண் என்று கேட்டார். முதல் பைலுக்கு நாலு நாள் கூலி எழுதின பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, அந்த வெட்டி எடுத்த துண்டையாவது பீலிக்குப் போற படியில போடுங்க" என்றார். போட்டிருக்கிறோம்.